காற்றாலை மின்சாரத்தை கிரிட் எப்படித் தாங்குகிறது?

காற்றாலைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் எழும் கேள்வி, "காற்று நின்றுபோனால் என்ன செய்வது?" நியாயமான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. எவ்வளவு நேரம் நின்றுபோனால் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். ஐந்து வினாடிக்குக் காற்று தணிவது ஒன்று. மாலையில் மூன்று மணி நேரத்துக்குள் காற்று படிப்படியாக அடங்குவது இன்னொன்று. ஒரு வாரம் முழுக்க இலை அசையாமல் கிடப்பது முற்றிலும் வேறொன்று. முதல் சிக்கலைத் தீர்க்கும் கருவி மூன்றாவதற்குக் கொஞ்சமும் உதவாது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான், "பேட்டரி வந்துவிட்டது, இனிக் கவலையே இல்லை" என்று ஒரு சாராரும், "காற்றை நம்பினால் இருட்டுதான்" என்று மறு சாராரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

முதலில் அடிப்படை. மின்கட்டமைப்பு, அதாவது கிரிட், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் இடம் இல்லை. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, இந்த நொடியிலேயே அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் எண்தான் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது. உலகின் பெரும்பகுதியில் அது 50 ஹெர்ட்ஸ்; வட அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் 60. சமதளத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பவர் திடீரென்று ஓர் ஏற்றத்தில் ஏறுகிறார். பெடலை முன்பு போலவே மிதித்தால் வேகம் இறங்கும். வேகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். கிரிட்டிலும் தேவை கூடி உற்பத்தி கூடாவிட்டால் அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்கும்; உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களின் கண் எப்போதும் அந்த எண்ணின் மேல்தான்.

ஏற்ற இறக்கத்தைக் காற்றாலைதான் கிரிட்டுக்குள் கொண்டுவந்தது என்று நினைப்பது தவறு. அது தொடக்கத்திலிருந்தே அங்கு உண்டு. 1990 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. ஆட்டம் பெனால்டி வரை போய் முடிந்த கையோடு பிரிட்டனில் மின்தேவை சுமார் 2,800 மெகாவாட் எகிறியது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொலைக்காட்சியை விட்டு எழுந்து தேநீருக்காக மின்கெட்டிலைப் போட்டதுதான் காரணம். இன்னொரு பக்கம், 1,000 மெகாவாட் அனல் அல்லது அணுமின் அலகு ஒன்று பழுதாகி நின்றால், அது முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு நிற்பதில்லை; ஒரே கணத்தில் முழு உற்பத்தியும் போய்விடும். காற்றாலைகள் வருவதற்கு வெகு முன்பே இவற்றையெல்லாம் சமாளிக்கக் கிரிட் பழகியிருந்தது. காற்று அந்தப் பழக்கத்தின் அளவையும் வேகத்தையும் மாற்றுகிறது.

காற்றின் ஏற்ற இறக்கம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? காற்றில் இருக்கும் திறன், காற்றின் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்காகும். 100 மீட்டர் விட்டமுள்ள இறக்கை வட்டத்தின் வழியே வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அந்தக் காற்றில் சுமார் 1 மெகாவாட் திறன் இருக்கிறது. அதே காற்று 12 மீட்டர் வேகத்தில் வந்தால் 8 மெகாவாட்டுக்கு மேல். இவ்வளவையும் டர்பைன், அதாவது காற்றாலை இயந்திரம், எடுத்துவிட முடியாது. இயற்பியல் விதிப்படி உச்சவரம்பு 59.3 விழுக்காடு, நடைமுறையில் அதற்கும் கீழே. ஆனால் நமக்கு முக்கியமானது விகிதம்தான். வேகம் 8 மீட்டரிலிருந்து 7 மீட்டராகக் குறைவதை முகத்தில் படும் காற்றை வைத்து உணர்வதே கடினம். டர்பைனுக்கு அது மூன்றில் ஒரு பங்கு இழப்பு.

பொதுவாக ஒரு டர்பைன் வினாடிக்கு 3 அல்லது 4 மீட்டர் காற்றில் மின்சாரம் தரத் தொடங்கும். 12 மீட்டரை ஒட்டி முழுத்திறனை எட்டும். அதற்கு மேல் காற்று கூடினாலும் இறக்கைகளின் கோணத்தைத் திருப்பி உற்பத்தியை அதே அளவில் நிறுத்திவைத்துக்கொள்ளும். 25 மீட்டரை ஒட்டிப் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். ஆக, 13 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் இடையே காற்று எப்படி ஆடினாலும் கிரிட்டுக்குத் தெரியாது. 6-க்கும் 10-க்கும் இடையே ஆடினால்தான் தலைவலி. புயல் வந்தால் வேறு விதத் தலைவலி: முழுத்திறனில் ஓடிய காற்றாலைகள் வரிசையாக நின்று, உற்பத்தி உச்சத்திலிருந்து பூஜ்யத்தை நோக்கிப் போகும். டென்மார்க் 2005 ஜனவரியில் அடித்த புயலின்போது இதை நேரில் பார்த்தது. அதன் பிறகு வந்த பல டர்பைன்கள் ஒரேயடியாக நிற்பதில்லை. பலத்த காற்றில் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கின்றன.

இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி. கிரிட்டுடன் இணைந்திருப்பது ஒரே ஒரு டர்பைன் இல்லை, நூற்றுக்கணக்கானவை. ஒரு டர்பைனின் மேல் மோதும் காற்றுச் சுழிப்பு, பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டர்பைனின் மேல் அதே நொடியில் மோதாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 100 டர்பைன்களின் வினாடிக் கணக்கிலான ஆட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால், விழுக்காட்டு அளவில் அது தனி ஒரு டர்பைனின் ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஐந்து வினாடி காற்று தணிவதைப் பற்றி அதனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சமன்படுதல் மணிக்கணக்குக்குப் பொருந்தாது. ஒரு வானிலை அமைப்பு பல நூறு கிலோமீட்டர் அகலம் இருக்கும். அது நகர்ந்து போனால் அந்தப் பகுதியின் காற்றாலைகள் எல்லாம் சேர்ந்தே அடங்கும்.

வினாடிக் கணக்கில் உண்மையான கவலை காற்றில் இல்லை, காற்றாலை கிரிட்டுடன் பூட்டப்படும் விதத்தில்தான் இருக்கிறது. பொது விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அனல், அணு, நீர்மின் நிலையங்களில் பல டன் எடையுள்ள சுழலிகள் கிரிட்டின் அதிர்வெண்ணோடு நேராகப் பூட்டப்பட்டுச் சுழல்கின்றன. 50 ஹெர்ட்ஸ் கிரிட்டில் ஓர் அனல்மின் நிலையச் சுழலி பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். எங்கோ ஓர் அலகு நின்று மின்சாரம் குறைந்தால், மீதியுள்ள சுழலிகள் அத்தனையும் தங்கள் சுழற்சியில் இருக்கும் ஆற்றலை அந்தக் கணமே கிரிட்டுக்குக் கொடுத்து லேசாக மெதுவாகின்றன. யாரும் உத்தரவிடுவதில்லை, எந்தக் கணினியும் கணக்குப் போடுவதில்லை. இயற்பியல் செய்யும் வேலை இது. இதைத்தான் நிலைமம் என்கிறார்கள்.

ஓர் எளிய கணக்கு. ஒரு கிரிட்டில் 50,000 மெகாவாட் அளவுக்கு இப்படிப்பட்ட சுழலிகள் ஓடுகின்றன. அவற்றின் சுழற்சியில் 5 வினாடி முழு உற்பத்திக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. 1,000 மெகாவாட் திடீரென்று போனால், அதிர்வெண் வினாடிக்கு 0.1 ஹெர்ட்ஸ் வீதம் இறங்கத் தொடங்கும். வேறு எதுவும் நடக்காவிட்டாலும் 49 ஹெர்ட்ஸைத் தொட 10 வினாடி ஆகும். அதற்குள் மற்ற நிலையங்களின் கவர்னர்கள் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீராவி வால்வையும் நீர்க் கதவையும் திறந்துவிடும். இப்போது 2,500 மெகாவாட் சுழலிகள் மட்டுமே ஓடும் சிறிய கிரிட்டில் அதே 1,000 மெகாவாட் போகட்டும். இறக்கம் வினாடிக்கு 2 ஹெர்ட்ஸ். 49-ஐத் தொட அரை வினாடி. எந்த வால்வும் அதற்குள் திறக்காது.

நவீன டர்பைன்கள், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித்தரும் மின்னணு மாற்றிகள் வழியாக மின்சாரத்தை அனுப்புகின்றன. காற்றுக்கு ஏற்ற வேகத்தில் இறக்கை சுழலலாம் என்ற வசதி அதனால்தான் கிடைக்கிறது. ஆனால் கிரிட்டின் அதிர்வெண்ணுக்கும் இறக்கையின் சுழற்சிக்கும் இடையே இருந்த நேரடிப் பிணைப்பு அதனாலேயே அறுந்துவிட்டது. அதிர்வெண் விழுவது டர்பைனுக்குத் தானாகத் தெரியாது. காற்றாலைகள் அதிகமாக ஓடி, அனல்மின் அலகுகள் நிறுத்தப்படும் நேரத்தில் கிரிட்டின் மொத்த நிலைமமும் குறைகிறது.

இத்தகைய பலவீனம் எப்படி வெளிப்படும் என்பதற்குத் தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று நடந்ததைப் பார்க்கலாம். அன்று மாலை மாநிலத்தின் தேவை 1,826 மெகாவாட். அதில் காற்றாலைகள் 883 மெகாவாட், எரிவாயு நிலையங்கள் 330. மீதி 613 மெகாவாட் பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாலை 4.16 மணிவாக்கில் புயலும் சூறாவளிச் சுழல்களும் உயரழுத்தக் கோபுரங்களைச் சாய்த்தன. இரண்டு நிமிடத்துக்குள் கிரிட்டின் மின்னழுத்தம் ஆறு முறை சரிந்து மீண்டது. ஒவ்வொரு சரிவையும் டர்பைன்கள் தாங்கிக்கொண்டன. ஆனால் ஒன்பது காற்றாலைப் பண்ணைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது: குறுகிய நேரத்துக்குள் இத்தனை சரிவுகளுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறைத்துவிடு. வரம்பு தாண்டியது. ஏழு வினாடிக்குள் 456 மெகாவாட் போனது. அந்த இழப்பு முழுவதும் விக்டோரியா இணைப்பின் மேல் விழ, தாங்கும் அளவை மீறி அதுவும் துண்டித்துக்கொண்டது. தனித்துவிடப்பட்ட மாநிலத்தில் அதிர்வெண் விழுந்த வேகத்துக்கு, தேவையை வெட்டிக் கிரிட்டைக் காப்பாற்றும் தானியங்கி அமைப்பாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. 4.18-க்கு மாநிலமே இருண்டது. சுமார் 8,50,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை.

"காற்றாலையால்தான் இருட்டு" என்றும், "கோபுரம் விழுந்ததுதான் காரணம்" என்றும் அப்போது அரசியல் சண்டை நடந்தது. இரு தரப்பும் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசின. அன்று காற்றுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. உற்பத்தி விழுந்தது, யாரும் கிரிட் இயக்குநரிடம் தெளிவாகச் சொல்லாத ஒரு மென்பொருள் அமைப்பினால். அதைத் திருத்த இறக்கையில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அமைப்பை மாற்றினார்கள், சரியாகிவிட்டது. நிலைமம் குறைவாக இருந்தது வேறு சிக்கல். அதற்கு 2021-க்குள் நான்கு பெரிய சுழல் இயந்திரங்களை நிறுவினார்கள். இவை எரிபொருள் எரிப்பதில்லை, மின்சாரம் தயாரிப்பதும் இல்லை. கிரிட்டிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு கனமான சக்கரத்தோடு சும்மா சுழல்கின்றன. பழைய மின்நிலையம் உபரியாகக் கொடுத்த நிலைமத்தையும் மின்னழுத்தத் தாங்கலையும் தருவதே அவற்றின் வேலை.

மின்னழுத்தம் சரியும்போது கழன்றுகொள்ளாமல் தாங்கி நிற்பது, இன்று ஏறக்குறைய எல்லா நாட்டு கிரிட் விதிகளிலும் கட்டாயம். ஒரு காலத்தில் விதி நேர்மாறாக இருந்தது: கோளாறு என்றால் காற்றாலை உடனே கழன்றுகொள்ள வேண்டும். அப்போது அவை கைவிரல் விட்டு எண்ணும் அளவில் இருந்ததால் அது பொருத்தமாகத்தான் இருந்தது. எண்ணிக்கை பெருகியதும் ஜெர்மனியின் ஈ.ஆன் நிறுவனம் 2003-ல் தாங்கி நிற்கும் விதியைக் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் மின் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், அதிர்வெண் விழுந்தால் சுழலும் இறக்கையின் ஆற்றலை மென்பொருள் மூலம் சில வினாடிகளுக்குக் கிரிட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆற்றலைக் கொடுத்து மெதுவான இறக்கை மறுபடி வேகமெடுக்கும்போது உற்பத்தி குறையும். எல்லா டர்பைனும் ஒரே நேரத்தில் அப்படிச் செய்தால் இரண்டாவது சரிவு வரும்.

பேட்டரி உண்மையிலேயே ஜொலிப்பது இந்த வினாடிக் களத்தில்தான். ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் அது முழுத்திறனைக் கொடுக்கும். அயர்லாந்து தீவின் கிரிட், காற்று உள்ளிட்ட மின்னணு மாற்றி வழி மின்சாரத்துக்கு எந்த நேரத்திலும் 50 விழுக்காடுதான் உச்சவரம்பு என்று வைத்திருந்தது. ஒவ்வொரு படியாகச் சோதித்து 2022-ல் அதை 75 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. சிறிய தீவு, அண்டை நாடுகளுடன் மெல்லிய இணைப்பு. அங்கேயே இது சாத்தியமாகிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் செய்தி.

அடுத்து மணிக்கணக்கு. இங்கே முதல் கருவி முன்கணிப்பு. காற்று மாறுவது பிரச்சினை இல்லை. எதிர்பாராமல் மாறுவதுதான் பிரச்சினை. இன்று காலை போடும் கணிப்பு, நாளை எவ்வளவு காற்று வரும் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். தவறு நேர்வது பெரும்பாலும் நேரத்தில்தான். நாலு மணிக்கு வரும் என்று சொன்ன காற்று ஆறு மணிக்கு வந்தால், அந்த இரண்டு மணி நேர இடைவெளியை வேறு நிலையங்கள் நிரப்ப வேண்டும். நேரம் நெருங்க நெருங்கக் கணிப்பு கூர்மையாகும் என்பதால், நாளைக்கான திட்டத்தை இன்றே பூட்டிவிடாமல் கடைசி மணி வரை திருத்தும் முறை மிகப் பெரிய உதவி. ஸ்பெயின் 2006-லேயே காற்றாலைகளுக்கென்று தனிக் கட்டுப்பாட்டு மையம் தொடங்கியது. பெரிய காற்றாலைப் பண்ணைகளின் உற்பத்தி விவரம் 12 வினாடிக்கு ஒரு முறை அங்கு வந்து சேரும். குறைக்கச் சொன்னால் 15 நிமிடத்துக்குள் குறைக்க வேண்டும்.

கட்டுப்பாட்டு அறைக்கு முக்கியமான எண், மொத்தத் தேவையிலிருந்து காற்று உற்பத்தியைக் கழித்தால் மிஞ்சும் தேவை. மற்ற நிலையங்கள் பின்தொடர வேண்டியது அதைத்தான். மாலையில் தேவை ஏறும் நேரம் பார்த்துக் காற்றும் அடங்கினால், மிஞ்சிய தேவை செங்குத்தாக ஏறும். மெதுவாகவே ஏறி இறங்கக்கூடிய நிலக்கரி நிலையங்கள் மட்டும் இருந்தால் இந்த ஏற்றத்தைப் பிடிப்பது கடினம். நீர்மின் நிலையங்கள் இதில் சூரர்கள். வேல்ஸில் 1984 முதல் இயங்கும் டினோர்விக் நீரேற்று மின்நிலையம் (மேலே ஏற்றிவைத்த நீரைத் திறந்துவிட்டு மின்சாரம் தருவது), தயார் நிலையில் சுழன்றுகொண்டிருந்தால் 20 வினாடிக்குள் 1,300 மெகாவாட்டைத் தாண்டிவிடும். டென்மார்க் தன் நிலக்கரி நிலையங்களையே மாற்றியமைத்து, மிகக் குறைந்த உற்பத்தியிலும் அணையாமல் ஓடும்படி செய்தது. காற்று பலமாக வீசும்போது நிலக்கரி வழிவிட வேண்டுமே, அதற்காக.

"ஒரு மெகாவாட் காற்றாலைக்கு ஒரு மெகாவாட் மாற்று நிலையம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்று அடிக்கடி சொல்வார்கள். மணிக்கணக்கைப் பொறுத்தவரை அது தவறு. கையிருப்பு என்பது தனித்தனிக் காற்றாலைக்கு வைப்பது இல்லை, முழு கிரிட்டுக்கும் பொதுவானது. தேவையின் ஆட்டம், காற்றின் ஆட்டம், அலகுகள் பழுதாகும் வாய்ப்பு எல்லாம் ஒன்றையொன்று ஓரளவு சமன்செய்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் கையிருப்பு வேண்டும்.

கம்பிகளும் இங்கே முக்கியம். காற்று நன்றாக வீசும் இடத்தில் பெரும்பாலும் நகரங்கள் இருப்பதில்லை. டெக்சஸின் மேற்கில் காற்றாலைகள் பெருகின, ஆனால் மின்சாரத்தைக் கிழக்கே கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. 2009-ல் அங்கு உற்பத்தியாகியிருக்கக்கூடிய காற்று மின்சாரத்தில் 17 விழுக்காட்டை உற்பத்தி செய்யாமல் நிறுத்திவைக்க நேர்ந்தது. மாநிலம் ஏறத்தாழ 7 பில்லியன் டாலர் செலவில் புதிய உயரழுத்தப் பாதைகளைப் போட்டு முடித்த 2014-ல் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. காற்றில் ஒரு மாற்றமும் இல்லை. கம்பி வந்தது, அவ்வளவுதான். டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்க முடிவதற்கும் நார்வேயுடனான கடலடிக் கம்பிகள் பெரிய காரணம். முதல் இணைப்பு 1970களிலேயே வந்துவிட்டது. இன்று நான்கு இணைப்புகளும் சேர்ந்து சுமார் 1,700 மெகாவாட்டைக் கடத்தும். டென்மார்க்கில் காற்று மிகுந்தால் மின்சாரம் வடக்கே போகிறது, நார்வே தன் அணை நீரைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்கிறது. காற்று அடங்கினால் அந்த நீர் மின்சாரமாகத் தெற்கே வருகிறது.

மிஞ்சிப்போன மின்சாரத்தைக் கொஞ்சம் நிறுத்திவைப்பது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. வருடத்தில் சில மணி நேர உச்சத்துக்காக மட்டும் ஒரு பாதை போடுவதைவிட அந்தச் சில மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது பல சமயம் மலிவு. தவிர, சற்றுக் குறைத்து ஓடும் காற்றாலை தேவைப்பட்டால் உடனே ஏற்றவும் முடியும். கையிருப்பாகவும் அது பயன்படும். தேவையையும் நகர்த்தலாம். தண்ணீர் சூடாக்குவது, பம்ப் ஓட்டுவது, மின்வாகனம் சார்ஜ் செய்வது எல்லாம் இரண்டு மணி நேரம் முன்பின்னாக நடந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மூன்றாவது, நாள்கணக்கு. உண்மையிலேயே கடினமானது இதுதான். இதை மழுப்பக் கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017-ல் நிறுவியபோது உலகின் மிகப் பெரிய லித்தியம் பேட்டரியாக இருந்த ஹார்ன்ஸ்டேல், அப்போது 100 மெகாவாட் திறனும் 129 மெகாவாட்-மணி கொள்ளளவும் கொண்டிருந்தது (ஒரு மெகாவாட்டை ஒரு மணி நேரம் கொடுத்தால் ஒரு மெகாவாட்-மணி). முழுத்திறனில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. இப்போது 1,000 மெகாவாட் காற்றாலைத் தொகுதி ஒன்று, சராசரியாக 350 மெகாவாட் தருவது, ஐந்து நாள் முழுக்க நிற்கிறது. நிரப்ப வேண்டியது 42,000 மெகாவாட்-மணி. அதற்குச் சுமார் 325 ஹார்ன்ஸ்டேல் வேண்டும், அதுவும் வருடத்தில் ஓரிரு முறை மட்டும் வேலை செய்ய. பேட்டரி எவ்வளவு மலிவானாலும் இந்தக் கணக்கு எளிதில் கட்டுப்படியாகாது.

இதற்கு வழி, வானிலை அமைப்பைவிட அகலமான கிரிட், பெரிய அணைகள், காற்று ஓய்ந்திருக்கும் நாளில் கைகொடுக்கக்கூடிய சூரிய மின்சாரம், அரிதாக மட்டுமே ஓடும் அனல் நிலையங்கள். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி நிலத்தடியில் சேமித்து, பிறகு மீண்டும் மின்சாரமாக்கலாம். ஆனால் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பக் கிடைக்கும். வருடத்தில் சில நூறு மணி நேரமே ஓடும் நிலையம், விற்ற யூனிட்டுக்கு மட்டும் பணம் வாங்கிப் பிழைக்க முடியாது. பிரிட்டன் 2014 முதல் நடத்தும் கொள்திறன் ஏலத்தில், கூப்பிட்டால் ஓடத் தயாராக இருப்பதற்கே பணம் கொடுக்கிறார்கள். அந்த ஏலத்தில் ஓர் எரிவாயு நிலையத்தின் திறன் ஏறக்குறைய முழுதாகக் கணக்கில் வரும். காற்றாலையின் திறனில் சிறு பகுதிதான் வரும். பேட்டரிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை, அது எத்தனை மணி நேரம் தொடர்ந்து கொடுக்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.